பிளாஸ்திரி போட்ட டிரிப் ஸ்விட்ச்

எனக்குக் கோபம் வந்தால் ஆள், பொருள் என்று பார்க்க மாட்டேன். மிக்ஸியைத் திட்டியிருக்கிறேன். கேஸ் அடுப்பைத் திட்டியிருக்கிறேன். கேம்ப் ரோட்டில் காது கிழிய ஹார்ன் அடித்த பஸ்ஸை நடுரோட்டில் நின்று திட்டியிருக்கிறேன். டிரைவர் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுப் போனார். ஆனால் இத்தனை வயதில் நான் அதிகமாக ஏசியது எதை என்று கேட்டால், எங்கள் வீட்டு ஹாலில் வாசல் கதவுக்குப் பின்னால் இருக்கிற பெட்டியில் வரிசையாக நிற்கும் டிரிப் ஸ்விட்சுகளில் மூன்றாவதைத்தான் சொல்ல வேண்டும். கட்டைவிரல் அகலத்துக்கு மேல் இருக்காது. பெட்ரூம் பிளக்குகளுக்குப் போகிற கரண்ட் எல்லாம் அதன் வழியாகத்தான் போகிறது. அந்தப் பீடை நினைத்தால் 'டக்'கென்று கீழே விழுந்துவிடும். அது விழுந்தால் என் கணவருக்கு மூச்சு இல்லை.

சும்மா பெரிதுபடுத்திச் சொல்லவில்லை. அவருக்கு நுரையீரல் பூராவும் தழும்பு. நாவலூரில் ஒரு கண்ணாடிக் கட்டடத்தில் இருபது வருஷம் வேலை பார்த்தவர், ஒரே வருஷத்தில், பாத்ரூம் போய் வருவதற்குள் நாலு இடத்தில் சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்கிற நிலைமைக்கு வந்துவிட்டார். ஆஸ்பத்திரியிலிருந்து அனுப்பும்போது ஒரு மிஷின் வாங்கச் சொன்னார்கள். சின்ன சூட்கேஸ் அளவு இருக்கும், அடியில் சக்கரம். அறையில் இருக்கிற காற்றை இழுத்து, அதிலிருந்து ஆக்சிஜனைப் பிரித்து, மெல்லிசான குழாய் வழியாக மூக்குக்கு அனுப்பும். குழாய் நழுவாமல் இருக்க இரண்டு கன்னத்திலும் வெள்ளைப் பிளாஸ்திரி ஒட்டிவிடுவேன். ராத்திரி பகல் பாராமல் அது ஓடிக்கொண்டே இருக்க வேண்டும்.

சேலையூரில் நாங்கள் இருப்பது எட்டே வீடு உள்ள சின்ன அப்பார்ட்மெண்ட். தெருவில் கரண்ட் போனால் அரை நிமிஷத்தில் ஜெனரேட்டர் வந்துவிடும், அதைப் பற்றிப் பயமில்லை. ஆனால் எங்கள் வீட்டுக்குள்ளேயே டிரிப் ஸ்விட்ச் விழுந்தால் ஜெனரேட்டர் என்ன செய்யும்? மிஷின் 'பீ' என்று கத்த ஆரம்பித்துவிடும். அறை மூலையில் அவசரத்துக்கு ஒரு சிலிண்டர் வைத்திருந்தோம். அதன் வால்வைத் திருக என் பலம் வேண்டும், அவருக்கு முடியாது. வீட்டில் நாங்கள் இரண்டே பேர். நான் ஒரு பள்ளிக்கூடத்தில் சரித்திர டீச்சர். காலை எட்டு மணிக்குப் போனால் நாலு மணிக்குத்தான் வருவேன். அந்த எட்டு மணி நேரமும் அவர் அந்த மிஷினை நம்பி, மிஷின் அந்த ஸ்விட்சை நம்பி.

டிசம்பர் பிறந்தது. எங்கள் வீட்டில் டிசம்பர் முதல் தேதி நட்சத்திரம் கட்டியாக வேண்டும். கல்யாணம் ஆன வருஷத்திலிருந்து மொட்டை மாடியில் கம்பு நட்டுக் கட்டுவது அவர் வேலை. எல்லாரும் பிளாஸ்டிக்குக்கு மாறிய பிறகும் அவர் மட்டும் காகித நட்சத்திரம்தான் வாங்குவார், மழைக்கு அதன் மேல் பாலிதீன் கவர் சுற்றி. இந்த வருஷம் அவரால் மாடி ஏற முடியாது. "நான் படுத்துக்கிட்டே பார்க்கிற மாதிரி பெட்ரூம் ஜன்னல்ல கட்டேன்" என்றார். ஜன்னல் கிரில்லுக்கு வெளியே தொங்கவிட்டு, வயரை ஜன்னல் கதவுக்கும் சட்டத்துக்கும் நடுவில் உள்ளே இழுத்து, கட்டிலுக்குப் பக்கத்து பிளக்கில் சொருகினேன். அவருக்குக் கைக்கெட்டுகிற ஸ்விட்ச். அன்றைக்குச் சாயங்காலம் அவரே போட்டார். சிவப்பும் மஞ்சளுமாக வெளிச்சம் அவர் போர்வை மேல் விழுந்தது. ரொம்ப நாள் கழித்து அவர் முகத்தில் சிரிப்பைப் பார்த்தேன்.

இரண்டு நாள் கழித்து ஸ்விட்ச் விழ ஆரம்பித்தது.

எல்லாம் சாயங்கால வேளையில்தான். ஆறு மணி வாக்கில் நான் அடுப்படியில் இருப்பேன். ஹாலில் 'டக்'. உடனே உள்ளேயிருந்து 'பீ'. கையில் இருப்பதை அப்படியே போட்டுவிட்டு ஓடுவேன். நெம்புகோலைத் தூக்கிவிட்டால் பிடித்துக்கொள்ளும், மிஷின் ஓடும். ஒரு நாள் விட்டு ஒரு நாள் இந்தக் கூத்து. சில நாள் பேசாமல் இருக்கும், நிம்மதியாகச் சப்பாத்தி போடலாம் என்று நினைக்கும்போது 'டக்'. ஆவி பிடிக்கிற கெட்டிலாக இருக்கும் என்று அதை அடுப்படிக்கு மாற்றினேன். அயர்ன் பாக்ஸை மூட்டை கட்டி மேலே போட்டேன். அது கேட்டால்தானே! பள்ளிக்கூடத்தில் கிளாஸ் எடுத்துக்கொண்டிருக்கும்போது நடுவில் என் காதுக்குள் 'பீ' என்று கேட்கும். வராந்தாவுக்கு வந்து போன் செய்வேன். "இருக்கேன், இருக்கேன்" என்பார், அவ்வளவுதான்.

கேம்ப் ரோட்டில் எலக்ட்ரிக் கடை வைத்திருக்கிற பாயைக் கூப்பிட்டேன். முப்பத்தைந்து வயது இருக்கும், ஐடிஐ படித்தவர். இந்தப் பக்கத்தில் பாதி வீட்டுக்கு வயரிங் அவர் கைதான். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வந்தார், எல்லா பிளக்கிலும் டெஸ்டர் வைத்துப் பார்த்தார்.

"எல்லாம் நல்லாத்தான் கீது டீச்சர். சாயங்காலம் சாயங்காலம் விழுதுன்னு சொல்றீங்களே, அந்த டைமுக்குப் புதுசா இன்னா போடறீங்க?"

"புதுசா ஒண்ணும் போடல."

இதைச் சொல்லும்போது நட்சத்திரம் எனக்கு நேர் எதிரே தொங்கிக்கொண்டிருந்தது. சத்தியமாகச் சொல்கிறேன், அது என் நினைப்பிலேயே வரவில்லை. கெட்டில் கரண்ட் சாமான், மிஷின் கரண்ட் சாமான். நட்சத்திரம் எப்படிக் கரண்ட் சாமான் ஆகும்? அது கிறிஸ்மஸ். எங்கள் சபைக்காரர்கள் யாரிடம் கேட்டிருந்தாலும் இதே பதிலைத்தான் சொல்லியிருப்பார்கள்.

"பேசாம இதை எடுத்துட்டு இன்னும் பெரிசா ஒண்ணு போட்டு விடுங்க பாய். விழாதது ஏதாவது."

"அது மட்டும் கேக்காதீங்க டீச்சர். செவுத்துக்குள்ள போற வயரு தாங்குறதுக்கு ஏத்த மாதிரிதான் இது. பெரிசா போட்டா இது விழாது, வயரு எரியும்."

எனக்கு வந்ததே ஒரு கோபம். "உள்ளே ஒரு மனுஷன் மூச்சுக்குத் தவிக்கிறார், நீங்க வயருக்குப் பாவம் பார்க்கிறீங்களா?" என்று கத்தினேன். பாய் ஸ்குரூடிரைவரைப் பைக்குள் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

மறுநாள் காலை பள்ளிக்கூடம் கிளம்பும்போது என் கணவர் கன்னத்துக்குப் புதுப் பிளாஸ்திரி ஒட்டிக்கொண்டிருந்தேன். கையில் சுருள் இருந்தது. அப்படியே ஹாலுக்குப் போனேன். பெட்டியைத் திறந்து, மூன்றாவது ஸ்விட்சின் நெம்புகோலை மேலே தள்ளி, அதன் மேல் பிளாஸ்திரியை ஒரு சுற்று, இரண்டு சுற்று, பக்கத்து ஸ்விட்சுகளையும் சேர்த்து மூன்று சுற்று இழுத்து ஒட்டினேன். 'இப்ப விழு பார்க்கலாம்' என்றேன். கணவரிடம் சொல்லவில்லை. அன்றைக்குப் பள்ளிக்கூடத்தில் என் காதுக்குள் 'பீ' கேட்கவில்லை. எனக்கென்னவோ பெரிய சாமர்த்தியம் பண்ணிவிட்ட மாதிரி இருந்தது.

அடுத்த நாள் விடிந்ததிலிருந்து மழை. பள்ளிக்கூடத்துக்கெல்லாம் லீவு விட்டுவிட்டார்கள். மூன்று மணிக்கே ஆறு மணி மாதிரி இருட்டிக்கொண்டு வந்தது. சாரல் கட்டில் மேல் அடிக்கிறது என்று ஜன்னலை இழுத்து அழுத்திச் சாத்தினேன். கொக்கி போட்டுவிட்டு டீ போடப் போனேன். அவர் இருட்டாக இருக்கிறது என்று நட்சத்திரத்தைப் போட்டார்.

'படார்' என்று ஒரு சத்தம். அதோடு சேர்ந்து ஹாலில் 'டக்'. அப்புறம் அந்த 'பீ'.

ஓடிப் போய்ப் பெட்டியைத் திறந்தேன். பிளாஸ்திரி ஒட்டின மேனிக்கு இருக்கிறது. நெம்புகோல் மேலே. விழவே இல்லை. ஃபிரிட்ஜ் ஓடுகிறது, ஹால் லைட் எரிகிறது. அப்படியானால் மிஷின்தான் போய்விட்டது! ஆண்டவரே! பெட்ரூமுக்கு ஓடினேன். ரப்பர் கருகின வாடை. மிஷினுக்குள் எரிந்துவிட்டது என்றே முடிவு பண்ணிவிட்டேன். அவர் கட்டில் விளிம்பில் உட்கார்ந்து இரண்டு கையையும் முழங்காலில் ஊன்றிக்கொண்டு, தோள் தூக்கித் தூக்கி இழுத்துக்கொண்டிருந்தார். உதடு நீலம் பாரித்துக்கொண்டு வந்தது. சிலிண்டர் வால்வைத் திருகினேன், வரமாட்டேன் என்றது. "திறடா, திற" என்று அதையும் திட்டினேன். முந்தானையைச் சுற்றிப் பிடித்து மூச்சைப் பிடித்துத் திருகியபோது 'உஸ்'ஸென்று வந்தது. குழாயை மாற்றி மூக்கில் வைத்தேன். அவருக்குப் பேச வர ஐந்து நிமிஷம் ஆயிற்று.

"ஹால்ல... வேற பிளக்ல... போட்டுப் பாரு" என்றார்.

மிஷினை உருட்டிக்கொண்டு போய் ஃபிரிட்ஜுக்குப் பக்கத்தில் சொருகினேன். ஜம்மென்று ஓடியது! அவரைக் கைத்தாங்கலாக அழைத்துவந்து சோபாவில் உட்கார வைத்து, குழாயை மாட்டி, கன்னத்தைத் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் எனக்கு மூச்சு வந்தது. மிஷினில் கோளாறு இல்லை. பெட்ரூமில்தான் கரண்ட் இல்லை. ஸ்விட்ச் மேலே இருக்கிறது, ஆனால் கரண்ட் இல்லை. இது என்ன மாயம் என்று எனக்குப் பிடிபடவே இல்லை. வெட்கத்தை விட்டுப் பாய்க்குப் போன் பண்ணினேன். நேற்று முன்தினம் நான் கத்தினதைப் பற்றி அவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. "வந்துகினே இருக்கேன் டீச்சர்" என்றார். அந்த மழையில் ரெயின்கோட்டோடு பத்தே நிமிஷத்தில் வந்துவிட்டார்.

பெட்டியைத் திறந்தவர் அப்படியே நின்றார்.

"இன்னா டீச்சர் இது? இதுக்கு எங்க அடி பட்டுச்சு, பிளாஸ்திரி போட்டு வச்சுகீறீங்க?"

சோபாவிலிருந்து என் கணவர் திரும்பிப் பார்த்தார். எனக்கு முகம் எரிந்தது. நான் அடுப்படிப் பக்கம் பார்த்துக்கொண்டு நின்றேன். பாய் பிளாஸ்திரியைப் பிய்த்தார், நெம்புகோலைக் கீழே இழுத்து மறுபடி மேலே தள்ளினார். நிற்கவில்லை, 'டக்'. பெட்ரூமுக்குள் போனார். வாடையை மோந்துகொண்டே கட்டிலைத் தாண்டி ஜன்னலுக்குப் போய்க் கொக்கியை எடுத்தார்.

"டீச்சர், இங்க வாங்க."

நட்சத்திரத்து வயர் ஜன்னல் கதவுக்கும் சட்டத்துக்கும் நடுவில் நசுங்கி, மேல் தோல் கிழிந்து, உள்ளே இருக்கிற இரண்டு கம்பியும் ஒன்றோடு ஒன்று உரசிக் கரிந்து கிடந்தது. ஜன்னல் கட்டையில் கரி. பக்கத்தில் தொங்கின திரைச்சீலை ஓரத்தில் ஒரு ரூபாய்க் காசு அளவுக்கு ஓட்டை, சுற்றிலும் பழுப்பு. அந்த ஓட்டையிலிருந்து ஒரு சாண் தள்ளி அவர் தலையணை.

எனக்கு அப்போதுதான் எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாகத் தெரிந்தது. ஆஸ்பத்திரியில் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார்கள், அந்த அறையில் மெழுகுவர்த்தி கூடாது, ஊதுபத்தி கூடாது, கொசுவத்தி கூடாது என்று. ஆக்சிஜன் கசிந்து மெத்தை, போர்வை, திரை எல்லாவற்றிலும் ஏறியிருக்கும், பொறி பட்டால் சாதாரண நெருப்பு மாதிரி இருக்காது என்றார்கள். கொசுவத்தி வைக்க முடியாததால்தான் தினமும் ஆறு மணிக்கு ஜன்னலைச் சாத்துவேன். சாத்தும்போது வயர் நசுங்கும். நட்சத்திரத்தைப் போட்டால் சில நாள் கம்பி உரசும், சில நாள் உரசாது. உரசினால் ஸ்விட்ச் விழும். மிஷின் நின்றதும் மூச்சு முட்டுகிறது என்று அவர் ஜன்னலைத் திறப்பார். கம்பி விலகிவிடும். நான் ஸ்விட்சைத் தூக்கினால் நிற்கும். எவ்வளவு நாள் இந்தக் கண்ணாமூச்சி! நான் ஏசின அந்தப் பீடை ஒவ்வொரு நாளும் சரியாகத்தான் சொல்லியிருக்கிறது. நான்தான் அதன் வாயைக் கட்டினேன்.

"பாய், நான் கட்டிப் போட்டிருந்தேனே. அது எப்படி நின்னுச்சு?"

பாய் பெட்டியிலிருந்து அந்த ஸ்விட்சையே கழற்றிக்கொண்டு வந்தார். "இது எத்தினி தபா அடி வாங்கிச்சோ, இனிமே இதை நம்பக் கூடாது. புதுசு போடறேன். இதைத் தொறந்தே காட்டறேன், உக்காருங்க" என்றார். டைனிங் டேபிளில் பேப்பரை விரித்து, டிரில் வைத்து அதன் ஆணிகளைக் குடைந்து எடுத்து, சோப்பு டப்பாவைத் திறப்பது போல் இரண்டாகப் பிரித்தார்.

அடேயப்பா! உள்ளே ஒரு பட்டனும் இரண்டு கம்பியும் இருக்கும் என்று நினைத்திருந்தேன். ஒரு ஊரே இருந்தது. நான் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டேன்.

முதலில் ஒரு பட்டை உலோகத் தகட்டைக் காட்டினார். பார்க்க ஒரே தகடு, ஆனால் இரண்டு வேறு உலோகம் முதுகோடு முதுகு ஒட்டியது. சூடு ஏறினால் ஒன்று கூட நீளும், இன்னொன்று கொஞ்சமாக நீளும், அதனால் தகடு வளையும். அளவுக்குக் கொஞ்சம் மேலே கரண்ட் போனால் உடனே இது கத்தாது. பொறுத்துப் பார்க்கும். சூடு ஏறிக்கொண்டே போனால்தான் மெதுவாக வளைந்து, பக்கத்தில் இருக்கிற ஒரு கொக்கியைத் தள்ளும். "இதுக்குப் பொறுமை ஜாஸ்தி டீச்சர்" என்றார். என்னைவிட ஜாஸ்திதான் என்று மனதில் சொல்லிக்கொண்டேன்.

அடுத்தது தடித்த செம்புக் கம்பியில் நாலைந்து சுற்றுச் சுருள். அதற்கு நடுவில் பென்சில் முனை மாதிரி ஒரு இரும்புத் துண்டு. பெட்ரூமுக்குப் போகிற கரண்ட் எல்லாம் இந்தச் சுருள் வழியாகத்தான் போகும். இன்றைக்கு மாதிரி இரண்டு கம்பி தொட்டுக்கொண்டால் கரண்ட் வெள்ளமாகப் பாயும். பாய்ந்த அந்த நொடியே சுருள் காந்தமாகிவிடும். இரும்புத் துண்டை வெடுக்கென்று இழுக்கும், அது போய் அதே கொக்கியை ஒரு அடி அடிக்கும். கண் இமைக்கிற நேரத்தில் பத்தில் ஒரு பங்குகூட ஆகாதாம்.

"இதுக்கு உள்ள பேட்டரி கீட்டரி உண்டா பாய்?"

"ஒண்ணும் கிடையாது. தப்பா போற கரண்ட் கீதே, அதுவேதான் அந்த இரும்பை இழுக்குது."

நான் அந்தச் சுருளையே பார்த்துக்கொண்டிருந்தேன். பெரிய பெரிய ராஜாக்களின் கோட்டைக் காவலைப் பற்றி வருஷக்கணக்காகப் பாடம் எடுத்தவள் நான். திருடன் கதவைத் தொட்ட வேகத்திலேயே கதவு தானாகத் தாழ் போட்டுக்கொள்கிற கோட்டை எதையும் நான் படித்ததில்லை. இது வீட்டுக்கு வீடு, கதவுக்குப் பின்னால், தூசி படிந்து நிற்கிறது.

இன்னும் முடியவில்லை. கொக்கி அவிழ்ந்ததும் ஒரு ஸ்பிரிங், தொட்டுக்கொண்டிருக்கிற இரண்டு முனைகளைப் பிரித்துவிடும். பிரித்தால் கரண்ட் நின்றுவிடும் என்றுதானே நாம் நினைப்போம்? நிற்காதாம். இடைவெளியைத் தாண்டி நெருப்பாகப் பாயுமாம். "உள்ளேயேவா?" என்றேன். "உள்ளேயேதான். சூடு தாங்காது, இரும்பையே உருக்கிடும்" என்றார். அதற்கு ஒரு வழி வைத்திருக்கிறார்கள். ஒரு மூலையில் மெல்லிய இரும்புத் தகடுகள், பத்துப் பன்னிரண்டு, நடுவில் சந்து விட்டு அடுக்கி வைத்திருந்தது. அந்த நெருப்பு இந்தத் தகடுகளுக்குள் இழுக்கப்பட்டு, துண்டு துண்டாக உடைந்து, சூடு ஆறி, அணைந்துபோகும். பாய் டார்ச் அடித்துக் காட்டினார். எங்கள் ஸ்விட்சின் தகடுகளில் ஓரம் ஓரமாகக் கருப்பு. இத்தனை நாளும் என் அடுப்படிக்குப் பத்தடி தள்ளி, இந்தத் துக்குணூண்டு டப்பாவுக்குள் ஒரு நெருப்பு எழுந்து எழுந்து அணைந்திருக்கிறது. எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது.

"இப்ப நீங்க கேட்டதுக்கு வரேன்" என்று பாய் நெம்புகோலைக் காட்டினார். அது நேராக அந்த முனைகளோடு சேர்ந்திருக்கவில்லை. நடுவில் அந்தக் கொக்கி. கொக்கி மாட்டியிருக்கிற வரைக்கும் நெம்புகோல் சொல்வதை முனைகள் கேட்கும். கொக்கி அவிழ்ந்துவிட்டால் இரண்டுக்கும் உறவு அறுந்துவிடும். பாய் தன் கட்டைவிரலால் நெம்புகோலை மேலே அழுத்திப் பிடித்துக்கொண்டார். ஸ்குரூடிரைவர் நுனியால் கொக்கியை லேசாகத் தட்டினார். நெம்புகோல் அசையவில்லை. உள்ளே முனைகள் 'டக்'கென்று பிரிந்துகொண்டன.

"நீங்க புடிச்சுகினு நில்லுங்க, கயிறு போட்டுக் கட்டுங்க, பிளாஸ்திரி போடுங்க. அது அது பாட்டுக்குப் பிரிஞ்சுடும்."

"ஏன் பாய் அப்படிச் செஞ்சிருக்காங்க?"

பாய் சிரித்தார். "உங்களை மாதிரி ஆளுங்க இருப்பாங்கன்னு தெரியும் டீச்சர்."

அவர் விளையாட்டாகத்தான் சொன்னார். எனக்கு அது விளையாட்டாகப் படவில்லை. எங்கோ, யாரோ, முகம் தெரியாத ஒருவர் மேஜை முன்னால் உட்கார்ந்து இதை வரைந்திருக்கிறார். வரையும்போது, ஒரு நாள் ஒருத்தி பயத்தில் இதைக் கட்டிப் போடுவாள் என்று நினைத்துப் பார்த்திருக்கிறார். அவள் கெட்டவள் இல்லை, பயந்தவள் என்றுகூட நினைத்திருப்பாரோ என்னவோ. அவள் பேச்சைக் கேட்காமல் இருப்பதற்காகவே ஒரு சின்னக் கொக்கியை வைத்துவிட்டுப் போயிருக்கிறார். அவர் என்னை நம்பாததால் என் புருஷன் சோபாவில் உட்கார்ந்து மூச்சு விட்டுக்கொண்டிருக்கிறார். நான் ஜெபம் பண்ணுகிற ஆள்தான், ஆனால் அன்றைக்கு ஒரு இரும்புக் கொக்கிக்கு முன்னால் கை கூப்பாத குறையாக உட்கார்ந்திருந்தேன்.

புது ஸ்விட்சும் வயரும் எடுத்துவரப் பாய் கடைக்குப் போனார். ஹாலில் நாங்கள் இரண்டு பேரும் மிஷின் சத்தமும்.

"நான்தான் பிளாஸ்திரி போட்டேன்" என்றேன். "நீங்க தனியா இருக்கீங்களேன்னு போட்டேன். உங்களை நானே கொளுத்தியிருப்பேன்."

அவர் என் பக்கம் திரும்பினார். பிறகு, விட்டு விட்டு, "நானும் ஒண்ணு... சொல்லணும்" என்றார். "ஜன்னல்கிட்ட... பொறி பறந்தது. ரெண்டு தடவை பார்த்தேன். நட்சத்திரத்தாலதான்னு... தெரியும். பாய் அன்னிக்குக் கேட்டப்பவே... தெரியும்."

எனக்கு ரத்தம் தலைக்கேறியது. "தெரிஞ்சுக்கிட்டா வாயை மூடிட்டு இருந்தீங்க? புத்தி இருக்கா உங்களுக்கு? நான் ஸ்கூல்ல செத்துச் செத்துப் பிழைச்சிட்டிருக்கேன், நீங்க இங்க பொறியை வேடிக்கை பார்த்துட்டு இருந்தீங்களா? ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை சொல்றதுக்கு என்ன?"

"சொன்னா... கழட்டிடுவே."

"கழட்டத்தான் செய்வேன்!"

"அடுத்த வருஷம்... பார்க்க மாட்டேன்னு... நெனச்சேன்."

அதற்கு மேல் எனக்குத் திட்ட வரவில்லை. இத்தனை மாதத்தில் அந்தப் பேச்சை நாங்கள் இரண்டு பேருமே எடுத்ததில்லை. டாக்டர் சொன்னதை நான் இவரிடம் பாதி மறைத்திருந்தேன். இவர் முழுசாகத் தெரிந்து வைத்துக்கொண்டு என்னிடம் மறைத்திருக்கிறார்.

பாய் நனைந்துகொண்டே வந்தார். கருகின வயரைப் பிடுங்கி எறிந்தார். நான் அவர் பின்னாலேயே போய் நின்றேன்.

"பாய், நட்சத்திரத்துக்கு செவுத்துல தனியா துளை போட்டுத் தனியா லைன் இழுங்க. அதுக்குன்னு தனியா ஒரு ஸ்விட்ச். அதுல ஏதாவது ஆச்சுன்னா அது மட்டும் விழணும். மிஷின் நிக்கக் கூடாது."

"செஞ்சுடலாம் டீச்சர்."

"அந்த ஸ்விட்ச் எத்தனை வருஷம் வரும்?"

"நல்லதா போட்டா பதினஞ்சு வருஷத்துக்குப் பேச்சே இல்ல."

"அப்ப பதினஞ்சு வருஷத்துக்கு வர மாதிரி போடுங்க" என்று சோபாவைப் பார்த்துச் சொன்னேன்.

என் கணவர் மூக்குக் குழாயைச் சரி பண்ணிக்கொண்டார். "பதினஞ்சு வருஷமா? அவ்வளவு நாளும்... இவகிட்ட... திட்டு வாங்கணுமா பாய்?"

பாய் வாய்விட்டுச் சிரித்தார். ஏதாவது திருப்பிச் சொல்ல வேண்டும் என்று வாயைத் திறந்தேன், அழுகைதான் வந்தது. சோபாவுக்குக் கீழே தரையில் உட்கார்ந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். பெட்ரூமில் பாய் சுவரில் டிரில் போடுகிற சத்தம் கேட்டது.

"விடு, கை வலிக்குது" என்றார்.

நான் விடவில்லை.